ரெண்டு ஸ்பிரிங்குக்குப் பத்து மார்க்

என் வண்டி பின்பக்கம் குந்திக்கினு, மூஞ்ச மட்டும் மேல தூக்கிக்கினு போவுதுன்னு பூந்தமல்லி பூரா சிரிச்சிது. சிரிக்கட்டும். மூணு தேக்சா பிரியாணிய முதுகுல ஏத்தினா எவனா இருந்தாலும் அப்டிதான் குந்துவான். பின் சீட்ட கழட்டிக் கடாசிட்டு, அந்த எடத்துல தேக்சா வெச்சி ஓட்டற பழைய காரு அது. நான் நஜ்மா. கல்யாணத்துக்கு ஊட்ல வெறகு அடுப்புல பிரியாணி செஞ்சி, மூடிய மாவு வெச்சி ஒட்டி, சூடு எறங்கறதுக்குள்ள மண்டபத்துல எறக்கறது என் பொழப்பு.

அந்தப் பொழப்புக்குத்தான் ஆப்பு வந்திச்சு. போன மாசம் ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி அடி தட்டி, தேக்சா ஒண்ணு சாஞ்சி, பாதி மண்டபத்துக்குப் போச்சு, பாதி என் டிக்கில ஊத்திகிச்சு. மாப்ள ஊட்டுக்காரங்க முன்னாடி நான் நின்ன நெலம எதிரிக்கும் வரக்கூடாது. இன்னொரு தபா அப்டி ஆச்சின்னா இந்த ஏரியாவுல ஒருத்தனும் என்ன கூப்ட மாட்டான். வர ஞாயித்துக்கெழம ஜமீலாக்கா பொண்ணு ஷிபாவுக்குக் கல்யாணம், ஆவடி பருத்திப்பட்டுல மண்டபம். மூணு தேக்சா ஆர்டரு. அது நல்லபடியா போயி சேந்தாத்தான் நான் நஜ்மா.

எங்க மெக்கானிக் சர்ஃபராஸ் வண்டிக்கு அடில படுத்துப் பாத்துட்டு, "பின்னாடி ஸ்பிரிங் ரெண்டும் உக்காந்துடுச்சுக்கா. மாத்திட்டா போதும், வேற ஒண்ணியும் இல்ல"ன்னான். சொல்லிட்டு மறுநாளே உம்ராவுக்கு ஃபிளைட்டு ஏறிட்டான். மக்காவுல கீற ஆள கூப்ட்டு வந்து ஸ்பிரிங் மாட்டுடான்னு சொல்ல முடியுமா?

அந்த நேரம் பாத்து நசரத்பேட்டைல, பெங்களூரு ஹைவே மேல, கண்ணாடி மாளிகையாட்டம் கட்டி வெச்சிகிற சர்வீஸ் சென்டர்ல பேனர் கட்டினாங்க. 'இலவச சஸ்பென்ஷன் பரிசோதனை முகாம்'. பேரு வேணாம், கேஸ் போட்டாலும் போடுவானுங்க. இலவசம்னதும் என் காலு என் பேச்ச கேக்கல, போய்ட்டேன்.

கேட்டுல ஒருத்தன் சல்யூட் அடிச்சான். ஒருத்தி என் வண்டிக்குப் பன்னீர் தெளிச்சா. கல்யாணத்துல எங்களுக்குத்தான் தெளிப்பாங்க, என் வண்டிக்கு அதான் மொத தபா. அப்புறம் கோட்டு போட்ட ஒரு புள்ள வந்து, "நான் செல்வகுமார் மேடம். இன்னிலேர்ந்து உங்க வண்டிக்கு நான்தான் உறவு அதிகாரி"ன்னான்.

"உறவுன்னா? தாய்மாமனா?"

"ரிலேஷன்ஷிப் மேடம்." சிரிக்காம சொன்னான். சீட்டு மேல வெள்ள பிளாஸ்டிக் உறை மாட்டினான். பின்னாடி சீட்டே இல்லியா, கையில உறைய வெச்சிகினு ரொம்ப நேரம் யோசிச்சான். கடைசில வெறும் தகட்டு மேல அத்த விரிச்சிட்டு ஃபோட்டோ எடுத்துகினான்.

ஏசி ரூம்ல குந்த வெச்சாங்க. காபி குட்த்தாங்க. கொஞ்ச நேரத்துல செல்வகுமார் டேப்லெட்ட நீட்டினான். அதுல என் வண்டி நாலு சக்கரமும் இல்லாம அந்தரத்துல தொங்கிகினு கீது.

"இன்னாப்பா இது? பாக்கறதுக்குத்தான குட்த்தேன்?"

"பாக்கறது இலவசம் மேடம். கழட்டறதுக்கு சார்ஜ் உண்டு."

"கழட்டாம பாக்கறது?"

"கழட்டாம பாக்க முடியாது மேடம்."

"அப்ப மாட்டிக் குட்த்துடு, நான் போறேன்."

"மாட்டறதுக்கும் சார்ஜ் உண்டு மேடம். கழட்டினதவிட மாட்டறதுக்கு ஜாஸ்தி. ஏன்னா கழட்டறத எப்டி வேணா கழட்டலாம், மாட்டறது அதே எடமா இருக்கணும்ல?"

சரி, வந்தது வந்தாச்சு, ரெண்டு ஸ்பிரிங்க மாத்தித் தொலைங்கடான்னேன். அவன் மூஞ்சி வாடிப் போச்சு. ரெண்டு மாத்தற வழக்கமே அங்க இல்லியாம். நாலும் மாத்தணுமாம். பின்னாடி புதுசு, முன்னாடி பழசுன்னா முன்னாடி ஸ்பிரிங்குக்கு மன உளைச்சல் வருமாம். ஸ்பிரிங்க மாத்தினா ஷாக்கப்சரையும் மாத்தணும், அத்த மாத்தினா அதுக்கு மேல கீற ரப்பரையும் மாத்தணும், அப்புறம் வீல் அலைன்மெண்ட், அப்புறம் 'புதிய உதிரிபாக வரவேற்பு கட்டணம்'னு ஒண்ணு. பழைய ஸ்பிரிங்க தூக்கிப் போட சுற்றுச்சூழல் கட்டணம்.

"தூக்கிப் போடாத. குடு, நான் எட்த்துனு போறேன்."

"அதுக்கு வெளியேற்றக் கட்டணம் மேடம்."

மொத்தக் கணக்க பாத்தேன். ஸ்பிரிங்கு வெல அதுல எங்கியோ அடில, வெக்கப்பட்டுகினு நிக்கிறா மாதிரி சின்னதா கீது. மொத்தம் என் வண்டி வெலைய தாண்டிப் போவுது. நான் போட்ட சத்தத்துல காபி குட்ச்சிகினு இருந்த நாலு பேரு எந்திரிச்சி நின்னாங்க. அப்பதான் ஜெனரல் மேனேஜர் பாஸ்கரன் சார் எறங்கி வந்தாரு.

அவரு கோவப்படல. என் எதுர குந்தி, கை ரெண்டையும் கோத்துகினு பேசினாரு.

"மேடம், நீங்க ஸ்பிரிங் வாங்க வந்திருக்கீங்கன்னு நெனைக்கிறீங்க. தப்பு. ஸ்பிரிங் வெளியில எந்தக் கடையிலயும் கிடைக்கும், இதே ஸ்பிரிங், இதே டப்பா, பாதி விலைக்கு. அத நான் மறைக்கவே மாட்டேன். நாங்க விக்கிறது நம்பிக்கை. அத நீங்க தொட்டுப் பாக்க முடியாது, எடை போட முடியாது, திருப்பித் தர முடியாது. ஆனா அதுக்கும் வரி கட்டறோம் மேடம். இந்தக் கண்ணாடி, இந்த ஏசி, இந்தக் காபி, என் சம்பளம், எல்லாத்தையும் தாங்கறது யாரு? உங்க வண்டியோட அந்த நாலு ஸ்பிரிங்தான். அதான் அதுங்க சீக்கிரம் தேயுது."

"நல்லா சொன்னீங்க சார்"னேன். "எனக்கு ரெண்டு போதும்."

அன்னிக்கு மேனேஜ்மெண்ட்டு கூட்டம் போட்டாங்க. முன் ஸ்பிரிங்க மாத்த மறுக்கற வாடிக்கையாளருக்குத் தனி நடைமுறையாம். ஒரு நீலத் துணி முன்னாடி என்ன நிக்க வெச்சி வீடியோ எட்த்தாங்க. செல்வகுமார் எழுதி நீட்டினத நான் படிச்சேன். 'நஜ்மா ஆகிய நான், சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் இன்றி, எனது முன் ஸ்பிரிங்குகளைப் பழைய நிலையிலேயே விட்டுவிடச் சம்மதிக்கிறேன். இதனால் அவற்றுக்கு ஏற்படும் தனிமைக்கு நிறுவனம் பொறுப்பல்ல.' நிக்காஹ்ல கூட எனக்கு இவ்ளோ நேரம் ஆவல, மூணு தபா சம்மதம் கேட்டாங்க, முடிஞ்சிச்சு.

சனிக்கெழம சாயங்காலம் வண்டி ரெடின்னு ஃபோன் வந்திச்சு. போனேன். காசக் கட்டினேன். வண்டிய ஒரு மேடையில நிறுத்தி செவப்பு ரிப்பன் கட்டி வெச்சிருந்தானுங்க. பின்பக்கம் நிமுந்து நின்னிச்சு. பாத்ததும் மனசு குளுந்து போச்சு, பொய் சொல்ல மாட்டேன். கேக்கு வெட்ட சொன்னாங்க, வெட்டினேன். மணி அடிக்க சொன்னாங்க, அடிச்சேன். ஸ்டாஃப் அத்தினி பேரும் வரிசையில நின்னு கை தட்டினாங்க.

"சாவி?"ன்னேன்.

"ஒரே ஒரு பயிற்சி மேடம்"னு செல்வகுமார் என்ன ஒரு சின்ன ரூமுக்குக் கூட்டினு போனான். மூக்க புட்ச்சிகினு பொம்பள கொரல்ல ஆரம்பிச்சான். "வணக்கம். தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். எங்கள் சேவைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?"

"பத்துன்னு சொல்லணுமா?"

"அப்டி நாங்க சொல்லிக் குடுக்கக் கூடாது மேடம். உங்க மனசுலேர்ந்து வரணும். பத்து."

"ஒம்போது சொன்னா?"

"ஒம்போது சொன்னா சிஸ்டம்ல ஜீரோ மேடம்."

"எட்டு?"

"எட்டும் ஜீரோதான். ஏழு சொன்னா என்ன டிரெய்னிங் அனுப்பிடுவாங்க."

"அப்ப எதுக்குடா அத்தினி நம்பரு வெச்சிகிறீங்க? பத்து, முட்டைன்னு ரெண்டே வெச்சிக்கலாமே?"

"கஸ்டமருக்கு சாய்ஸ் குடுக்கணும் மேடம்."

அந்தப் புள்ள கண்ணப் பாத்தா பாவமாத்தான் இருந்திச்சு. பத்துன்னு ஒரு வார்த்த சொன்னா சாவி வந்துரும், ஊட்டுக்குப் போயி வெங்காயம் அரியலாம். நாக்கு நுனி வரிக்கும் வந்திச்சு. ஆனா பாரு, மூணு நாளா என்ன அந்தரத்துல தொங்க விட்டவனுங்களுக்குப் பத்துன்னு சொல்ல வாய் வரல. "மனசுலேர்ந்து வர மார்க்கு பத்து இல்லப்பா"ன்னேன்.

சாவி வரல. செல்வகுமார் என் கையில ஒரு மஞ்சப் பட்டைய கட்டினான். வெளிய வந்து பாத்தா சோபாவுல அதே மாதிரி மஞ்சப் பட்டையோட ஏழெட்டுப் பேரு. அதுல ஒருத்தரு பல்லு தேய்க்கற பிரஷ்ஷ சட்ட பாக்கெட்ல சொருவிகினு இருந்தாரு.

"நீ எத்தினி சொன்னம்மா?"ன்னாரு.

"இன்னும் சொல்லலண்ணே. நீங்க?"

"எட்டு." அவரு பேரு திருவேங்கடம், பருத்திப்பட்டு ஏரிக்கரைக்காரரு. முன்னாடி கடகடன்னு சத்தம் வருதுன்னு வண்டிய வுட்டவரு. "எட்டு நல்ல மார்க்குன்னு நெனச்சேன். காபி ஆறிப் போச்சேன்னு ரெண்டக் கொறச்சேன். வண்டிய வுட்டுட்டுப் போவ மனசு வரல, என் சம்சாரம் கன்னியம்மா தெனமும் சோறு கொண்டாந்து குட்த்துட்டுப் போவுது."

நான் நேரா பாஸ்கரன் சார் ரூமுக்குப் போனேன். காசு கட்டின வண்டிய குடுக்கலன்னா போலீசுக்குப் போவேன்னேன். அவரு எந்திரிச்சி ஜன்னல் கிட்ட போயி ஹைவேய பாத்துகினு பேசினாரு.

"தாராளமா போங்க மேடம். ஆனா ஒண்ணு புரிஞ்சிக்குங்க. இந்த சென்டர் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு அதிருப்தி வாடிக்கையாளர்கூட இந்த கேட்டத் தாண்டி வெளிய போனதில்ல. அகில இந்திய விருது வாங்கியிருக்கோம். எப்படின்னு கேக்கறாங்க. சிம்பிள் மேடம். நாங்க விடறதில்ல. அதிருப்திய சரி பண்ணாம அனுப்பறது பாவம். அதுவரைக்கும் உங்க வண்டியும் நீங்களும் எங்க குடும்பம். எப்ப வேணா வரலாம், இருக்கலாம், உங்கள வெளிய போன்னு சொல்ற அதிகாரம் எனக்கே கிடையாது."

கடைசில சொன்னாரு பாரு, அத்த நல்லா காதுல வாங்கிகினேன்.

வண்டி உள்ள கீற வரிக்கும் ஆளு வெளிய போனாலும் அவங்க கணக்குல உள்ளதானாம், அதனால ஊட்டுக்கு ஆட்டோவுல வந்தேன். எங்க ஊட்டுக்காரரு நிஜாமுதீன் தலையில கைய வெச்சிகினு குந்திட்டாரு. மண்டபத்துல வெறகு அடுப்புக்கு அனுமதி இல்ல. கல்யாண நாளு, லோடு வண்டி எல்லாம் புக்காயிட்ச்சி. கூட வேல செய்யற சரசாவோட கொழுந்தன் குட்டி யானை ஒண்ணு ஓட்றான். அவனுக்கும் விடியகாலைல ஒரு நடைதான் நேரம், அப்பால கோயம்பேடு போவணும்.

"வண்டி சமையல் கிட்ட வராது"ன்னாரு எங்க ஊட்டுக்காரரு.

"வர வேணாம். சமையல் வண்டி கிட்ட போவட்டும். பொக தாங்காம அவனுங்களே சாவிய குட்த்துத் தொரத்திடுவானுங்க"ன்னேன்.

"அடிப்பாவி"ன்னாரு. ஆனா சிரிச்சிகினேதான் சொன்னாரு. பரிமாறறதுக்கு ஆள சேக்கணும்னு அவரு காலைல பஸ்ஸ புட்ச்சி மண்டபத்துக்குப் போய்ட்டாரு.

ஃபஜர் தொழுதுட்டு, தேக்சா, செங்கல்லு, வெறகு, அரிசி, கறி, சரசா எல்லாத்தையும் குட்டி யானைல ஏத்திகினு நசரத்பேட்டைல போயி எறங்கினேன். கேட்டுல கீறவன் தடுத்தான். மஞ்சப் பட்டைய காட்டினேன், சல்யூட் அடிச்சி வுட்டான். கட்டடத்தாண்ட அடுப்பு மூட்ட எனக்கு இன்னா பைத்தியமா, பின்னாடி பெரிய மைதானம் கீது, அங்க காலி மண்ணுல கல்லக் கூட்டினேன். வெங்காயம் செவந்து, பட்ட கிராம்பு வாசன பெங்களூரு ரோடு வரிக்கும் போனதும் மெக்கானிக் பசங்க ஒவ்வொருத்தனா வந்து நின்னானுங்க. திருவேங்கடம் அண்ணன் லுங்கிய மடிச்சிக் கட்டிகினு வெறகு தள்ளினாரு. மத்த மஞ்சப் பட்டைங்க புதினா ஆஞ்சாங்க.

பாஸ்கரன் சார் டைய புட்ச்சிகினு ஓடியாந்தாரு. "மேடம்! இன்னா பண்றீங்க? இது சர்வீஸ் சென்டர்!" அவரு வாயிலேர்ந்து எங்க 'இன்னா' வந்தது அதான் மொத தபா.

"அதிருப்திய உள்ளயே வெச்சிருப்பேன்னீங்களே சார். உள்ளதான கீது? அதுக்கு ஆர்டரு கீது, சமைக்குது."

"ப்ளீஸ், வெளிய போங்க!"

"அந்த அதிகாரம் உங்களுக்கே கெடையாதுன்னீங்களே?"

அவரு தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாரு. தள்ளி நின்னு பேசினாலும் கேட்டுச்சு. "ஆமா சார்... இல்ல சார், மார்க் வர்ற வரைக்கும் அனுப்ப முடியாதுன்னு எனக்கும் தெரியும் சார்... பிரியாணி சார்... மட்டன் சார்..." ஃபோன வெச்சிட்டு ஒரு செங்கல்லு மேல குந்திட்டாரு.

அரிசி போடற நேரம் வந்திச்சு. எங்க தொழில்ல ஒரு வழக்கம் கீது. அரிசி போடறதுக்கு முன்னால உப்பு பாக்கணும். காலைலேர்ந்து பொகையில நின்னவ நாக்குக்கு உப்பு தெரியாது, அதனால வேற ஆளுதான் பாக்கணும். எப்பவும் எங்க ஊட்டுக்காரரு பாப்பாரு, அவரு மண்டபத்துல கீறாரு. சரசா என்னோட பொகையிலதான் நின்னுச்சு. கிட்ட செல்வகுமார் நின்னுகினு இருந்தான், அப்பதான் டூட்டிக்கு வந்த மூஞ்சி. "வாப்பா, கைய நீட்டு"ன்னு கரண்டிலேர்ந்து கொஞ்சம் ஊத்தினேன்.

நக்கிட்டு, "பத்து மேடம்"னான்.

"மார்க் கேக்கல. உப்பு எப்டி கீது?"

"எக்ஸலண்ட் மேடம். எங்க எதிர்பார்ப்ப மீறிடுச்சி."

"டேய், கம்மியா, தூக்கலா?"

அவன் பாஸ்கரன் சார பாத்தான். எனக்கு வந்திச்சி பாரு கோவம். "இங்க பாரு கண்ணு. அரிசி வுழுந்துட்ச்சின்னா அப்புறம் உப்பு சேராது. நீ நல்லாகீதுன்னு சொல்லி நான் நம்பி மூடிட்டேன்னா, ஒரு பொண்ணு கல்யாணத்துல அத்தினி பேரும் மூஞ்ச சுளிச்சிகினு எந்திரிப்பாங்க. நீ என்ன சந்தோசப்படுத்த வேணாம். இன்னா கீதோ அத்த சொல்லு."

மெக்கானிக் பசங்க எல்லாம் அவனையே பாத்தானுங்க. அவன் இன்னொரு தபா கைய நக்கினான்.

"கம்மி"ன்னான். "உப்பு கம்மியா கீது மேடம்."

"செல்வா, நெகட்டிவ் வார்த்தை வேணாம்"னு செங்கல்லுலேர்ந்து கொரல் வந்திச்சு.

"கம்மிதான் சார். ஒரு கை போடணும்." அவன் கண்ணு கலங்கிப் போச்சு. பொகன்னு சொல்லிகினான்.

ஒரு கை போட்டேன். மறுபடி பாத்தான். "ம், இப்ப சரியா கீது"ன்னான். அத்த நான் நம்பினேன். அரிசி போட்டு, தம்மு போட்டு, மெக்கானிக் பசங்க தொறந்து வெச்ச டிக்கி வழியா மூணு தேக்சாவையும் ஏத்தினோம். பின்பக்கம் குந்தல. லேசா ஒரு அமுங்கு அமுங்கி, கம்முனு நின்னிச்சு. அப்பதான் என் ஃபோன் அடிச்சுது. தலைமை அலுவலகம். பாஸ்கரன் சார் துள்ளி எந்திரிச்சி, ரெண்டு கைலயும் பத்து வெரல விரிச்சிக் காட்டினாரு. நான் ஸ்பீக்கர்ல போட்டேன்.

"எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு.

"ரெண்டும்மா. ரெண்டு ஸ்பிரிங்கு மாட்டினாங்க, ரெண்டும் நல்லா மாட்டிகிறாங்க. அதுக்கு ரெண்டு. மாட்டின பசங்க கைக்கு அது. மத்தபடி மார்க் போடற மாதிரி இங்க ஒண்ணியும் நடக்கல."

"நன்றி. உங்கள் அதிருப்தி பதிவு செய்யப்பட்டது. அது தீரும் வரை உங்கள் வாகனம் எங்கள் பராமரிப்பில் பாதுகாப்பாக இருக்கும்."

மணி பன்னண்ட தொடப் போவுது. நிக்காஹ் முடிஞ்சிருக்கும், பந்தி போட்டிருப்பாங்க. வாய் வரிக்கும் வந்த அந்தப் பத்த நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமோன்னு ஒரு நிமிசம் தோணிச்சு. அப்ப செல்வகுமார் கோட்ட கழட்டி ஒரு சேர் மேல போட்டான். உள்ள போயி, கண்ணாடி அலமாரிலேர்ந்து சாவிய எட்த்துனு வந்து என் கைல வெச்சான். நடந்து போயி கேட்டுக் கம்பத்த தூக்கிப் புட்ச்சிகினு நின்னான்.

"செல்வா! அதிருப்தி வெளிய போவுதுடா!"ன்னு பாஸ்கரன் சார் கத்தினாரு.

"போவட்டும் சார். அங்க சோத்துக்குக் காத்துகினு கீறாங்க. மத்த சாவிங்களும் அலமாரியிலதான் கீது, யாருக்கு வேணுமோ எட்த்துக்கட்டும்."

நான் வண்டிய எட்த்தேன். ஆவடி ரோடுல திரும்பறப்ப கண்ணாடில பாத்தா, பின்னாடி திருவேங்கடம் அண்ணன் வண்டி, அது பின்னாடி மஞ்சப் பட்டைங்க வண்டி ஒண்ணொண்ணா வருது. ஹாரன் அடிச்சிகினு வரானுங்க. மண்டபத்து வாசல்ல ஜமீலாக்கா அத்தினி காரையும் பாத்து பயந்து போச்சு.

"இன்னாடி நஜ்மா, யாரு இவங்கள்லாம்? மாப்ள ஊட்டு ஜனம் அப்பவே வந்துட்ச்சே?"

"என் கூட மாட்டிகினவங்கக்கா. எல்லாரும் பசியோட கீறாங்க."

"அப்ப இன்னாத்துக்கு வெயில்ல நிக்க வெச்சிகீற? உள்ள கூப்புடு"ன்னுது அக்கா. எங்க ஊட்டுக்காரரு மூடிய நெம்பித் தொறந்தாரு. பந்தியில நான் யாரையும் எப்டி கீதுன்னு கேக்கல. திருவேங்கடம் அண்ணன் தட்ட காலி பண்ணிட்டு, நிமுந்து பாக்காமலே, "இன்னும் கொஞ்சம் வைம்மா"ன்னு நீட்டினாரு. வெச்சேன்.